ரயில் வராத நாட்களின் படங்கள்: நீலகிரி மலைப்பாதையோரம் நடந்த ஒரு புகைப்படப் போட்டி

போட்டியை அறிவித்துப் பத்து நாள் ஆனபோது, அதுவரை வந்திருந்த படங்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாலத்தின் மேல் ரயில். வளைவில் ரயில். குகைக்குள்ளிருந்து வெளியே வரும் ரயில். வெள்ளைப் புகை, பனிமூட்டம், பின்னணியில் தேயிலைச் சரிவு. எல்லாமே அழகான படங்கள், நாட்காட்டியில் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நாங்கள் கேட்டது பாதையோர மக்களை. வந்த படங்கள் அத்தனையிலும் சேர்த்து முகம் தெரிந்த மனிதர்கள் ஐந்தாறு பேர்தான். அவர்களும் பெரும்பாலும் பெட்டியின் ஜன்னலிலிருந்து கையசைத்த சுற்றுலாப் பயணிகள்.

அந்தப் போட்டியை நடத்திய சிறு குழுவில் நானும் ஒருத்தி. எங்களிடம் பெரிய அமைப்பு எதுவும் இல்லை. குன்னூரைச் சுற்றி இருக்கும் சில நண்பர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கல்லூரி மாணவர், அவ்வளவுதான். இதே மாதிரி ஒரு போட்டியை வேறு பாதையில் நடத்த நினைப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கே தவறினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: எங்கள் முதல் போஸ்டரில்.

பாதையும் அதில் வாழ்பவர்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை வந்து சேர்ந்தது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஏற்றம் கிட்டத்தட்ட பன்னிரண்டு அடிக்கு ஓரடி. வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இங்கே வருபவர்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் மனப்பாடம்.

வழிகாட்டிகள் அதிகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. எஞ்சினில் இருப்பவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. பெட்டிகளின் முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்களின் கொடியைப் பார்த்துத்தான் வண்டி ஓடுகிறது. மலை ஏறும் ரயிலின் முகப்பில் இருப்பது எஞ்சின் இல்லை, கையில் பச்சையும் சிவப்புமாகக் கொடி வைத்துக்கொண்டு, மழையோ பனியோ பாராமல் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். எங்கள் போட்டிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைத்திருக்காது. போஸ்டர் தயாரித்தபோது எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அவரைத் தாண்டி எத்தனை பேர்! மேட்டுப்பாளையத்தில் ஊட்டி உருளைக்கிழங்கு ஏலம் போகும் மண்டிகளில் மூட்டை தூக்குபவர்கள். கல்லாற்றுப் பக்கம் பாக்குத் தோப்புகளில் மரம் ஏறுபவர்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவில், குரங்குகளிடமிருந்து பலகாரத் தட்டைக் காப்பாற்றிக்கொண்டே டீ விற்பவர்கள். குன்னூருக்கு வந்தால் எஞ்சின் கொட்டகையின் மெக்கானிக்குகள், தேயிலை ஏலத்தை நம்பியிருக்கும் சின்னச் சின்ன விவசாயிகள். வெலிங்டனில் ராணுவக் குடும்பங்கள். அருவங்காட்டில் 1904 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு மாறிப் போகும் தொழிலாளர்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் படகர் ஊர்களான ஹட்டிகள், கேரட் தோட்டங்கள், கேரட் கழுவும் இயந்திரங்கள். அப்புறம், 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டு, மறுபடியும் தேயிலைச் செடிக்கே வந்து நின்ற குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தோட்டத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ என்ற நிறுவனம் ஆனது.

ஒரே பாதையில் இத்தனை வாழ்க்கை. இவர்களில் பலர் அந்த ரயிலில் ஏறி வருடக்கணக்கில் ஆகியிருக்கும், சிலர் ஏறியதே கிடையாது. ஆனால் அதன் கூவலைக் கேட்டு உலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த உறவைத்தான் நாங்கள் படமாகப் பார்க்க ஆசைப்பட்டோம்.

முதல் அறிவிப்பு

"நீலகிரி மலை ரயிலையும் அதன் பாதையோர மக்களையும் கொண்டாடும் படங்களை அனுப்புங்கள்" என்று எழுதினோம். மேலே, பாலத்தைக் கடக்கும் ரயிலின் படம் ஒன்றைப் பெரிதாக வைத்தோம். ஃபேஸ்புக்கிலும் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்தோம். கோவை, திருப்பூர், சென்னையிலிருந்தெல்லாம் படங்கள் வந்தன.

வாசகத்தில் மக்கள் என்று எழுதியிருந்தோம், படத்தில் ரயிலைக் காட்டியிருந்தோம். பார்க்கிறவர்கள் படத்தைத்தான் நம்புவார்கள். ஒரு புகைப்படப் போட்டியின் முதல் விதி அதன் போஸ்டரில் இருக்கும் புகைப்படம்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதோடு, அறிவிப்பு போய்ச் சேர்ந்த இடமும் தவறு. பாதையோரத்தில் வாழ்பவர்களைப் பற்றிய போட்டியை அவர்களில் ஒருவருக்கும் சொல்லாமல் நடத்திக்கொண்டிருந்தோம்.

மழை வந்தது

அது ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை இந்த மலையின் கிழக்குச் சரிவைத்தான் முதலில் தாக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மண் சரிந்து, பாறைகள் உருண்டு தண்டவாளத்தில் கிடந்தன. ரயில் நின்றது. இது ஆண்டுதோறும் பார்க்கிற காட்சிதான் என்றாலும், எங்களுக்குப் போட்டியே நின்றுபோன மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பள்ளி மாணவன் போன் செய்தான்.

"அக்கா, ரயிலே ஓடலை. போட்டி இருக்கா இல்லையா?"

இருக்கிறது என்றேன். "அப்ப எதை எடுக்கறது?" என்றான்.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்க வீட்டுப் பக்கம் ரயிலால் பிழைக்கிறவர் யாராவது இருக்காங்களா, இன்றைக்கு அவங்க என்ன செய்யறாங்கன்னு பாரு என்றேன். அன்று மாலை எல்லோரும் உட்கார்ந்து அறிவிப்பைத் திருத்தி எழுதினோம். "படத்தில் ரயில் இருக்க வேண்டும் என்பதில்லை. ரயிலோடு வாழும் ஒருவர் இருந்தால் போதும்." போஸ்டர் படத்தையும் மாற்றினோம். ஒரு மரப் பெஞ்சு, அதன் மேல் சோற்று டப்பா, பக்கத்தில் சுருட்டி வைத்த இரண்டு கொடிகள். கடைசித் தேதியை மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். போஸ்டரை டீக்கடைகளிலும் ரேஷன் கடையிலும் நூலகத்திலும், எஸ்டேட்டில் இலை எடை போடும் கொட்டகையிலும் ஒட்டினோம். இரண்டு பள்ளிகளில் ஒரு மணி நேர வகுப்பு எடுத்தோம். பனிமூட்டத்தில் மொபைல் கேமரா வெளிச்சத்தைத் தவறாகக் கணக்கிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும், திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லிக்கொடுத்தோம். அந்த ஒரு பாடம் பின்னால் நிறையப் படங்களைக் காப்பாற்றியது.

படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்தன. படத்தில் இருப்பவர் யார்? அவருக்கும் பாதைக்கும் என்ன தொடர்பு? படம் எடுத்ததும் அனுப்புவதும் அவருக்குத் தெரியுமா? எழுதச் சிரமப்படுபவர்கள் வாய்ஸ் நோட்டில் சொன்னால் நாங்களே எழுதிக்கொள்வோம் என்றும் சேர்த்தோம். இதைச் சொன்னபிறகுதான் வயதானவர்களின் குரல்கள் வரத் தொடங்கின. சில குரல்கள் படங்களைவிட நன்றாக இருந்தன.

பிறகு வந்த படங்கள்

ஒரு கீமேனின் மகள் அனுப்பியது இது. கீமேன் தினமும் தன் பங்குத் தூரத்தை நடந்தே போய், தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுத்தியலும் கையுமாகப் பார்ப்பவர். விடியாத நேரம். பாதி திறந்த கதவு. ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அப்பா குனிந்து மழைக்கோட்டின் பொத்தானைப் போடுகிறார். சுவரில் சாய்த்து வைத்த சுத்தியல். வாசலுக்கு வெளியே மழை வெறும் கோடுகளாகத் தெரிகிறது. படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கீழே எழுதியிருந்தாள்: "ரயில் ஓடாத நாளிலும் அப்பாவுக்கு லீவு இல்லை. ரயில் ஓடாத நாளில்தான் வேலை அதிகம்."

இன்னொன்று, மண்சரிவை அகற்றும் கேங்மேன்கள். ஆறு பேர் கடப்பாறையை ஒரே பாறைக்கு அடியில் கொடுத்து நெம்புகிறார்கள். நடுவில் இருப்பவரின் வாய் திறந்திருக்கிறது, ஏதோ குரல் கொடுத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் அழுத்த வைக்கிறார். இதை எடுத்தவரும் ஒரு கேங்மேன்தான். தன் முறை முடிந்து ஓய்வில் இருந்தபோது, மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு எடுத்திருக்கிறார். வெளியாள் ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தாலும் இப்படி ஒரு படம் கிடைக்காது. அந்த ஆறு பேரும் கேமராவை மறந்திருந்தார்கள், ஏனென்றால் கேமரா வைத்திருந்தவர் ஏழாவது ஆள்.

குன்னூர் ஸ்டேஷன் அருகே வர்க்கி என்னும் மொறுமொறு பலகாரம் விற்பவரின் படம் ஒன்று. தகர டப்பா மூடியிருக்கிறது. அவர் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு காலியான தெருவைப் பார்க்கிறார். ரயில் நின்றால் யாருக்கு முதலில் வயிற்றில் அடி விழுகிறது என்பதை இந்தப் படத்தைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

கேத்தியிலிருந்து கேரட் கழுவும் பெண் ஒருவரின் படம் வந்தபோது எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. முழங்கை வரை செம்மண். குவியல் குவியலாக ஆரஞ்சு நிறம். படத்தில் ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. இவரை எப்படிச் சேர்ப்பது? வாய்ஸ் நோட்டைப் போட்டுக் கேட்டோம். "மேல ரயில் கூவுனா நாங்க சோத்துக்கு உக்காருவோம். இப்ப ஒரு வாரமா கூவலை, மேஸ்திரி நேரத்தைத் தள்ளிக்கிட்டே போறாரு." சேர்த்துக்கொண்டோம். கடிகாரமே ரயிலாக இருக்கும் ஒருவரை வெளியே நிறுத்த முடியாது.

நாங்கள் எதிர்பார்க்காதது பழைய படங்கள். ஒரு பையன் தன் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை மொபைலில் எடுத்து அனுப்பினான். எஞ்சின் முன்னால் கையில் கரி அள்ளும் மண்வாரியோடு நிற்கிறார், தலையில் துண்டு. நிலக்கரி எஞ்சின்களில் பல பின்னர் எண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்டன. கரி அள்ளி அள்ளித் தோள் இறங்கிப்போன அந்தத் தலைமுறைக்கு இப்படிச் சில படங்கள்தான் சாட்சி. ஆனால் பையன் எடுத்த படம் இல்லையே, போட்டியில் எப்படிச் சேர்ப்பது? பரிசு இல்லாமல் "வீட்டு ஆல்பம்" என்று தனிப் பிரிவு தொடங்கினோம். இரண்டே நாளில் கல்யாண ஆல்பங்களிலிருந்தும் சாமி மாடங்களிலிருந்தும் படங்கள் வந்து குவிந்தன. முதலிலிருந்தே இந்தப் பிரிவு இருந்திருக்க வேண்டும். தாமதமாகத் தொடங்கியதால் பல படங்களை ஒழுங்காக ஸ்கேன் செய்ய நேரமில்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்.

நாங்கள் ஏற்காதவை

மிக அழகான ஒரு படத்தை விலக்கினோம். அனுபவம் உள்ள ஒருவர் எடுத்தது. பாலத்தின் நடுவில் நின்று எடுத்த படம். இரண்டு பக்கமும் மேகம், நடுவில் பல்சட்டம் ஓடி மறைகிறது, தொலைவில் தலையில் விறகோடு நடந்து வரும் ஒரு பெண். நடுவர்களுக்குப் போயிருந்தால் பரிசு வாங்கியிருக்கும்.

ஆனால் அவர் நின்ற இடம் தண்டவாளம். ரயில்வே சட்டம் 1989-ன் 147-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எங்கள் விதியிலும் இது தெளிவாக இருந்தது. "அன்றைக்குத்தான் ரயிலே ஓடவில்லையே" என்று வாதாடினார். ரயில் ஓடாத நாளிலும் வேலை நடக்கும் பாதையில் டிராலி வரும், சாமான் வண்டி வரும். அதைவிட, இந்த ரயிலின் வேகமே ஓர் ஆபத்து. பல்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் யாருக்கும் பயமே வருவதில்லை. பாலத்தில் ஸ்லீப்பர்களுக்கு நடுவில் இடைவெளி, கீழே பள்ளம், ஒதுங்க இடம் கிடையாது. கல்லாற்றிலிருந்து மேலே வருவது காடு, யானை நடமாடும் இடம். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்துச் சுவரில் மாட்டினால், அடுத்த வருடம் பத்துப் பையன்கள் அதே பாலத்தில் போய் நிற்பார்கள். அவருக்குக் கோபம்தான். முடிவை மாற்றவில்லை.

கேங்மேன் எடுத்த படமும் தண்டவாளத்தில்தானே என்று கேட்டார்கள். அவருக்கு அது வேலை செய்யும் இடம். அங்கே நிற்க உரிமை உள்ளவர், கூடவே காவலுக்கு ஆளும் இருந்தது. இந்த வேறுபாட்டை விதியில் முன்கூட்டியே எழுதியிருந்தால் பேச்சே வந்திருக்காது.

வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் வேறு சிக்கல். பாதுகாப்புத் துறையின் இடங்கள் அவை. வேலி, கதவு, கட்டடம் எதையும் படத்தில் கொண்டுவரக் கூடாது, இது அலுவலக ரகசியச் சட்டம் 1923 வரை போகும் விஷயம். ஒரு மாணவி தெரியாமல் தொழிற்சாலைக் கதவைப் பின்னணியில் வைத்து எடுத்து அனுப்பிவிட்டாள். உடனே அழிக்கச் சொல்லி, காரணத்தையும் விளக்கினோம். அடுத்த வாரம் அவளே டீக்கடைப் பெஞ்சில் வரிசையாக வைத்திருந்த டிபன் கேரியர்களையும், அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைக்காரரையும் எடுத்து அனுப்பினாள். முதல் படத்தைவிட இது எவ்வளவோ மேல்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் முதியவர்கள் இருக்கும் படங்கள் சில வந்தன, பூ வேலைப்பாடு செய்த போர்வையோடு. பாதையோடு இவர்களுக்கு என்ன தொடர்பு, இவர்கள் பெயர் என்ன என்று அனுப்பியவர்களிடம் கேட்டோம். பதில் வரவில்லை, சேர்க்கவில்லை. நீலகிரி என்றாலே அந்த முகங்களைக் கொண்டுவந்து அலங்காரமாக வைக்கும் பழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு அக்காவின் கேள்வி

இந்தப் போட்டியில் நான் அதிகம் யோசித்தது இந்தப் பகுதியைத்தான்.

முதல் வாரத்தில் வந்தவற்றில் ஒன்று, ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த படம். பாதைக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கிறார். இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட், காலில் சாக்குத் துணி, முதுகில் கூடை. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. மக்கள் இல்லாத படங்களாக வந்துகொண்டிருந்த நேரத்தில் இது வந்ததால், மகிழ்ந்துபோய் இரண்டாவது போஸ்டரின் ஓரத்தில் சிறிதாகப் போட்டுவிட்டோம். யாரிடமும் கேட்கவில்லை.

எடைக் கொட்டகையில் ஒட்டிய போஸ்டரில் தன்னையே பார்த்திருக்கிறார் அந்த அக்கா. மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டை போட வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"மொகம் நல்லாத்தான் இருக்கு. காலப் பாருங்க. அட்டை கடிக்குதுன்னு சாக்கச் சுத்திக்கிட்டு நிக்கிறேன். ஊரே பாக்குது. கேட்டிருந்தா நல்லா நின்னிருப்பேனே தம்பி?"

எங்கள் கல்லூரி மாணவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. மன்னிப்புக் கேட்டோம். போஸ்டர்களை அன்றே எடுத்தோம். சம்மதம் பற்றிய கேள்வி படிவத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனால் பழைய படங்களுக்கு அதைப் பின்னோக்கிக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு, அதுவரை வந்த எல்லாப் படங்களுக்கும் கேட்டோம். பதில் இல்லாதவற்றை நீக்கினோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்றோம். ஓடும் ரயிலிலிருந்து எடுத்த படங்கள் ஏறக்குறைய எல்லாமே அத்தோடு போயின. ஜன்னலிலிருந்து எடுப்பவரால் கேட்க முடியாது அல்லவா.

ஒரு நல்லதும் நடந்தது. அந்த அக்காவின் மகளே அம்மாவைப் படம் எடுத்து அனுப்பினாள். வீட்டு வாசல், பச்சைப் பட்டுச் சேலை, தோளில் அதே கூடை. கூடை வேண்டும் என்று சொன்னது அம்மாதானாம். இலங்கையில் தன் அம்மா சுமந்ததும் இதே மாதிரிக் கூடைதான் என்று படக்குறிப்பில் இருந்தது.

யாருக்குச் சொந்தம்

முதல் படிவத்தில் "அனுப்பும் படங்கள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே சொந்தம்" என்று ஒரு வரி இருந்தது. வேறு ஒரு போட்டியின் விதிகளைப் பார்த்து அப்படியே எழுதியது. போட்டியாளர் ஒருவர் இது நியாயமா என்று கேட்டார். நியாயம் இல்லை. இந்தியச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் பதிப்புரிமை நீடிக்கும். அதை ஒரு வரியில் வாங்கிக்கொள்ள நமக்கு என்ன தேவை? இந்தக் கண்காட்சிக்கும் ஒரே ஒரு சிறு நூலுக்கும் மட்டும், எடுத்தவர் பெயரோடு பயன்படுத்துவோம் என்று மாற்றினோம்.

மூன்று நடுவர்கள்

ஒரு புகைப்படக் கலைஞர், ஓர் ஓவிய ஆசிரியை, ஓய்வு பெற்ற ஒரு பிரேக்ஸ்மேன். எடுத்தவர்களின் பெயர்களை மறைத்துத்தான் கொடுத்தோம். மூன்றாமவரைச் சேர்ப்பது பற்றி எங்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. படம் பார்க்கத் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்தது.

ஓடும் வண்டியின் முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன். சிவப்புக் கொடி காற்றில் முழுதாக விரிந்திருக்கிறது, பின்னால் பச்சை மலை. புகைப்படக் கலைஞர் அதற்கு மிக அதிக மதிப்பெண் போட்டிருந்தார். நடுவரான பிரேக்ஸ்மேன் ஐயா அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இது சொல்லி எடுத்த படங்க. ஓடற வண்டியில செவப்பு விரிச்சா, பின்னால எஞ்சின்ல இருக்கறவர் நிறுத்திருவாரு. வண்டி ஓடறப்ப நாங்க செவப்ப சுருட்டித்தான் வெச்சிருப்போம்."

அனுப்பியவரிடம் கேட்டபோது ஒப்புக்கொண்டார். நின்ற வண்டியில் எடுத்து, பின்னணியைக் கணினியில் மங்கலாக்கியிருக்கிறார். வண்ணத்துக்காகச் சிவப்புக் கொடியை விரிக்கச் சொன்னாராம். ஐயா இல்லாமல் இருந்திருந்தால், நாங்கள் ஒரு பொய்யான படத்தை இந்தப் பாதையின் அடையாளமாக மாட்டியிருப்போம். அந்த வேலையைச் செய்தவர் ஒருவராவது நடுவர் குழுவில் இருப்பதை இனி எந்தப் போட்டியிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதிப்பெண்ணை இரண்டு முறை போட வைத்தோம். முதலில் படத்தை மட்டும் பார்த்து, பிறகு படக்குறிப்போடு பார்த்து. கீமேனின் படம் முதல் சுற்றில் நடுவில் எங்கோ இருந்தது. குறிப்பைப் படித்தபின் மூவருமே அதை மேலே கொண்டுவந்தார்கள். படம் தன் காலில் நிற்க வேண்டாமா என்று புகைப்படக் கலைஞர் வாதாடினார், அவர் சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் இது மக்களைப் பற்றிய போட்டி. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டபின் அவர் படம் வேறு மாதிரித் தெரிவது இயல்புதானே. இரண்டு சுற்றுக்கும் சம மதிப்பு கொடுத்தோம். கீமேனின் மகளுக்கு முதல் பரிசு. கேங்மேன்களின் படத்துக்கு இரண்டாவது.

அச்சும் சுவரும்

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். படங்களைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் மிஞ்சும். 18 அங்குல அகலத்துக்கு அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது, பக்கத்தில் நின்று பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமென்டாக மறுபடி அனுப்புங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வாங்கினோம். படிவத்தின் முதல் வரியிலேயே இது இருந்திருக்க வேண்டும்.

கீமேனின் மகளிடம் மூலப் படம் இல்லை. மொபைலில் இடம் போதாமல் அழித்துவிட்டாள். இருக்கும் 1600 பிக்சலை எட்டுக்கு ஆறு அங்குலத்தில் போட்டால்தான் தெளிவாக இருக்கும். அப்படியே போட்டோம். முதல் பரிசு வாங்கிய படம்தான் அந்தச் சுவரிலேயே மிகச் சிறிய படம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் மட்டும் குனிந்து, கிட்டே போய் நின்றார்கள்.

கண்காட்சியைக் குன்னூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் வைத்தோம். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, எங்களுக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம் என்றே இருந்தது. பெயர்ப் பலகையைத் துணியில் எழுதினோம். படங்களை அட்டையில் ஒட்டிக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினோம். முதல் நாள் காலை வந்து பார்த்தால், இரவு ஈரத்தில் பாதி அட்டைகள் வளைந்திருந்தன. மலையில் செய்பவர்கள் தடிமனான அட்டைக்கே போய்விடுங்கள்.

படத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். வர்க்கி விற்பவர் மனைவியோடு வந்தார். கேங்மேன்களில் நான்கு பேர் சேர்ந்து வந்து, தங்கள் படத்துக்கு முன்னால் அதே வரிசையில் நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்கள். கரி அள்ளிய தாத்தாவின் படத்தைப் பார்த்த இன்னொரு முதியவர், பின்னால் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் ஆளைக் காட்டி, இது எங்க அண்ணன் என்றார். அந்தக் குடும்பத்தில் அவருடைய படம் வேறு எதுவும் இல்லையாம். அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தோம்.

விட்டுப்போனவை

பாதையின் கீழ்ப்பகுதி எங்கள் போட்டியில் சரியாக வரவே இல்லை. கல்லாற்றுப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்புகளிலிருந்து ஒரு படமும் வரவில்லை. அங்கே மொபைல் சிக்னல் குறைவு என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நாங்கள் அங்கே போகவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கும் போஸ்டரை மட்டும் அனுப்பினோம், ஆள் போகவில்லை. நேரில் போய்ப் பேசிய இடங்களிலிருந்துதான் நல்ல படங்கள் வந்தன. பள்ளி மாணவிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் படம் எடுத்த பெண்கள் மிகக் குறைவு. வீட்டில் ஒரே மொபைல் இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அடுத்த முறை இரண்டு மூன்று மொபைல்களை நாங்களே வாங்கி, ஒரு வாரம் ஒரு குடியிருப்பு என்று சுற்றில் விட யோசித்திருக்கிறோம். நடுவர் குழுவிலும் தோட்டத் தொழிலாளி ஒருவர் வேண்டும். அந்த அக்காவிடம் கேட்டிருக்கிறோம், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

போட்டியை மறுபடியும் ஐப்பசியில்தான் வைக்கப்போகிறோம், ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும். புதிய படிவம் தயார். முதல் கேள்வி, படத்தில் இருப்பவரின் பெயர். எந்தக் கேமரா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.